கக்கூஸ் வைத்த பஸ்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கக்கூஸ் தேவைப்பட்டது. அதற்காக முப்பதடி நீளத்துக்கு ஒரு டீசல் பஸ் வாங்கினோம். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இதைச் சுருக்கமாகச் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

வயசான ஆம்பிளைகளுக்கு வருகிற வியாதிதான் அவருக்கும். அரைமணிக்கு ஒருதரம் ஒன்றுக்குப் போக வேண்டும். மாத்திரை தின்ற பிறகு அரைமணி முக்கால்மணி ஆனது. டாக்டருக்கு அதில் ரொம்பப் பெருமை.

வீட்டில் இருக்கும்வரை அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது மேலூரைத் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். கண்டக்டர் நல்ல மனுஷன், நிறுத்தினார். ரொம்ப நல்ல மனுஷன் என்பதால், "பெரியவரு ஒன்னுக்குப் போறாரு, யாரும் எறங்காதீக, இந்தா எடுத்துருவோம்" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லவும் செய்தார். ஒரு பஸ் சனம் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கு வரும்? வரவில்லை. திரும்பி ஏறினார். பஸ் கிளம்பிய பிறகு வந்தது.

அந்தக் கல்யாணத்தோடு அவர் வெளியே போவது நின்றது. பேரனுக்குக் காது குத்தியபோது அவர் வரவில்லை. பங்காளி வீட்டுச் சாவுக்கும் வரவில்லை. கேட்டவர்களிடம் எல்லாம் முட்டி வலி என்றார். அவர் முட்டியில் ஒன்றும் கிடையாது. இன்றைக்கும் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னைவிட ஒரு தோசை கூடத் தின்பார்.

போகாத இடங்களில் அவருக்கு உறுத்தியது ஒன்றே ஒன்றுதான். அவருடைய அக்கா ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். என் மாமியார் செத்தபோது இவர் தவழ்கிற பிள்ளை. அக்காதான் இவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடவுக்குப் போய், வரப்பில் போட்டு வளர்த்தாள். என்னைத் தவிர இவரை அதட்டுகிற உரிமை அவளுக்கு மட்டும்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசிக்கொள்வார்கள். வாராவாரம் அதே பேச்சுதான்.

"ஏன்டா, நான் கண்ண மூடுறதுக்குள்ள ஒருக்கா மூஞ்சியக் காட்டிட்டுப் போயேன்டா."

"நீ வாக்கா. ஒம் மகன்ட்டதான் காரு இருக்குல்ல?"

"எனக்கு முட்டி வலிடா."

"எனக்குந்தேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் வேறு மாதிரிப் பேசினாள். "இனிமே நீயும் வர வேணாம், நானும் வரல. கெடக்குற வரைக்கும் போன்லயே பேசிக்கிருவோம்டா" என்றாள். இவர் போனைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. கறிக்குழம்பு வைத்த நாள். அதனால்தான் விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

என் மகன் இஞ்சினியர். திருநகர் வீட்டில் மாடியில் உட்கார்ந்துகொண்டு காதில் ஒன்றை மாட்டி அமெரிக்காவோடு பேசுகிறவன். அவன் முதலில் பெரியவர்கள் கட்டுகிற பேம்பர்ஸ் வாங்கி வந்தான். "நான் என்ன கைப்புள்ளையா?" என்று அவர் அதை வீசி எறிந்தார். ரயிலில் கக்கூஸ் இருக்கிறது என்றான். "அது ஊருக்குப் பொதுவானதுடா. நமக்கு முட்டுறப்ப உள்ள எவனாச்சும் குத்தவச்சு ஒக்காந்திருந்தா?" என்றார். அதற்கு இஞ்சினியர் படிப்பில் பதில் இல்லை.

பிறகுதான் அவன் போனில் இந்தக் கேரவன் வண்டிகளைக் கண்டுபிடித்தான். உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்த பஸ்.

"வெளிநாட்டுல வயசானவங்க வீட்ட வித்துட்டு ரோட்டுலயே குடியிருக்காங்கம்மா" என்றான்.

"எங்க காலத்துல நாங்களும் அப்பிடித்தேன் இருந்தோம். அப்ப அதுக்கு வேற பேரு" என்றேன்.

பழைய வண்டிகளாகப் பார்த்தான். கடைசியில் ரெண்டு தேறின. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கப் போனில் ஒரு கட்டம் போட்டான். இஞ்சின், மைலேஜ், தண்ணித் தொட்டி, கழிவுத் தொட்டி, ஜெனரேட்டர் என்று கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு வேலை. வீட்டுக்காரர் வெளியே வரமாட்டார் என்பதால், அவருக்குப் பதிலாக நான் கக்கூஸில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பதிலாக எத்தனையோ காரியம் செய்திருக்கிறேன். இது உட்கார்ந்து செய்கிற வேலை.

முதல் வண்டி திருநகரிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் கொட்டகையில் நின்றது. சினிமாக்காரர்கள் சூட்டிங்குக்கு வைத்திருந்ததாம். விற்கிறவன் கொட்டகைக்குள்ளும் கூலிங்கிளாஸ் போட்டிருந்தான்.

"இந்தச் சீட்டுல யார் யாரெல்லாம் ஒக்காந்திருக்காங்க தெரியுமா பாட்டி?"

"யாரா இருந்தா என்னய்யா. தொடச்சீகளா?"

உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றிப் பல்பு. கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கூரையிலும் கண்ணாடி. எனக்கு நேர் மேலே ஒரு கிழவி மல்லாந்து படுத்துக்கொண்டு என்னையே முறைத்தாள். அவளோடு ஓசூர் வரைக்கும் போக எனக்கு இஷ்டமில்லை.

கக்கூஸில் உட்கார்ந்தேன். முட்டி கதவில் இடித்தது. எழுந்திருக்க வேண்டும் என்றால் கதவைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தால் எதிரே பல்பு எரிகிற கண்ணாடி.

"இஞ்சின் புதுசும்மா. ஏர் சஸ்பென்சன். உள்ள ஒக்காந்தா ரோடே தெரியாது. பத்துக்கு எட்டு மார்க்" என்றான் என் மகன்.

"ஒங்கப்பா வேட்டிய மடிச்சுக் கட்ட எடமில்லடா."

"மடிக்காமக் கட்டட்டும்மா."

ரெண்டாவது வண்டி பரவையில், காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் நின்றது. சொந்தக்காரர் லாரி வைத்திருந்தவர், அம்பது வயசு இருக்கும். டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப் போக என்று ஒரு பஸ்ஸை வீடு மாதிரிக் கட்டியிருந்தார். ஏறியதும் வெங்காய வாடை ஆளைத் தூக்கியது.

"டூரிஸ்ட்டு வரல தாயி. சும்மா நிக்கிதேன்னு வெங்காயம் ஏத்துனேன். ஏசி வண்டி பாத்துக்கங்க, ஒன்னு அழுகல" என்றார்.

கக்கூஸ் மட்டும் எங்கள் வீட்டுச் சமையலறை அளவுக்கு இருந்தது. தள்ளுகிற கதவு. பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வலது பக்கம் ஒரு கைப்பிடி. எதிரே ஒரு சன்னல் வேறு. உட்கார்ந்தபடியே மார்க்கெட்டுக்குள் தக்காளி இறங்குவதைப் பார்க்கலாம்.

"வெளியருந்து உள்ள தெரியாது தாயி" என்றார் அவர்.

அதை எப்படி நம்புவது? என் மகனை வெளியே சன்னலுக்கு நேரே நிற்க வைத்துவிட்டு, உள்ளே இருந்து கை ஆட்டினேன். அவன் ஆட்டவில்லை. நாக்கைத் துருத்திக் காட்டினேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நம்பினேன்.

"இஞ்சின் பழசு. பட்டை ஸ்பிரிங்கு. குழியில எறங்குனா குடல் வாய்க்கு வந்துரும். நாலு மார்க்" என்றான் மகன்.

வீட்டுக்கு வந்து அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் இதே சண்டை. அவன் எட்டு என்கிறான், நான் நாலு என்கிறேன். பேப்பருக்குப் பின்னால் இருந்த என் வீட்டுக்காரர் தனக்கு இதில் சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"கைப்பிடி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

"ம்."

எங்கள் வீட்டில் பெரிய காரியம் எதையும் குலசாமியைக் கேட்காமல் செய்வதில்லை. சிவப்புப்பூ ஒரு பொட்டலம், வெள்ளைப்பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் முடிவு. இந்த வீட்டை அப்படித்தான் வாங்கினோம். மருமகளையும் அப்படித்தான் எடுத்தோம். மருமகளுக்கு இது தெரியாது. இனித் தெரியும்.

கோயில் சோழவந்தானுக்கு அந்தப் பக்கம், வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை போவது என்று முடிவானது. பரவைக்காரர் போனில், "ஏன் பஸ்ஸுக்கு அலையிறீக, என் வண்டியிலேயே போவோம். ஓட்டிப் பாத்த மாதிரியும் ஆச்சு, சாமி கும்புட்ட மாதிரியும் ஆச்சு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டி எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. எதிர்வீட்டு வாத்தியார் அம்மா, யாரோ நடிகர் வந்துவிட்டார் என்று தலை சீவிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தது வெங்காய வாடை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று வண்டியை நெடுநேரம் பார்த்தார்.

"ஏங்க, நான் சொன்னா ஒங்களுக்கு நம்பிக்கை வராது. கைப்பிடிய நீங்களே ஒருக்கா புடிச்சுப் பாத்துட்டு எறங்கிருங்க" என்றேன்.

ஏறினார். நேராகக் கக்கூஸுக்குள் போய்க் கதவைத் தள்ளிச் சாத்தினார். நான் முன்னால் போய், "எடுங்க தம்பி" என்றேன்.

அவர் வெளியே வரும்போது வண்டி பசுமலையைத் தாண்டியிருந்தது.

"ஏய், வண்டி நகருது!"

"நகராட்டி அதுக்குப் பேரு வீடு."

"எறக்கி விடச் சொல்லு. நான் வரல."

"எதுக்கு எறங்கணும்? எறங்கி எங்க போகப் போறீக? போறதுக்குண்டான எடம் உள்ளயே இருக்கு."

அவர் யோசித்தார். நல்லா யோசித்தார். கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துச் சீட்டில், கதவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சமயநல்லூரில் கையை எடுத்தார். சோழவந்தானில் வெளியே வயலைப் பார்த்து, "தண்ணி வந்துருச்சு போல" என்றார். கோயில் வரைக்கும் ஒருதரம்கூட உள்ளே போகவில்லை. பக்கத்திலேயே இருக்கிறது என்றால் வருவதில்லை போலிருக்கிறது. உடம்புக்கும் குசும்பு உண்டு.

பூசாரி எங்கள் பங்காளிதான். என் மகனுக்குச் சித்தப்பா முறை. நீளமாக ஒரு பஸ் வருகிறது, அதிலிருந்து ரெண்டு வருஷமாகக் கண்ணில் படாத அண்ணன் இறங்குகிறார். வேறென்ன நினைப்பார்? சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். என் மகன் அந்த நேரம் பார்த்துப் போன் வந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டான். பூசாரி வண்டியின் நெற்றியில் சந்தனம் வைத்து மாலை போட்டார். சாமியைக் கும்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் மறுபடியும் வண்டிக்குள் ஏறிக்கொண்டார். பூசாரி சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். வைத்துவிட்டு முன்னால் நின்று, "வாங்க, வாங்க" என்று கையைக் காட்டினார்.

மதுரைப் பக்கத்து டிரைவர் எவரும் அந்தக் கைக்கு வண்டியை எடுக்காமல் இருக்க முடியாது. போலீஸ் கை காட்டினால்கூட யோசிப்பார்கள், பூசாரி கை காட்டினால் கால் தானாக அமுக்கும். பரவைக்காரர் அமுக்கினார். பழங்கள் நசுங்கின.

நான் ஏன் தடுக்கவில்லை என்று மகன் பிறகு கேட்டான். என் வாயில் பிரசாத வாழைப்பழம் இருந்தது.

"யாரு எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னது?" என்று கத்திக்கொண்டே அவன் ஓடி வந்தான். "இது நம்ம வண்டி இல்ல சித்தப்பா! எந்த வண்டிய வாங்கலாம்னு பூக்கட்டிப் பாக்கத்தான் வந்தோம்."

"இனிமே என்னத்துக்குப் பூவு? சாமி காவு வாங்கிருச்சுல்ல" என்றார் பூசாரி.

பரவைக்காரர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, ஒங்க குலசாமி பேருல காவு குடுத்த வண்டிய நான் வேற எவனுக்கு விக்கிறது? இனி இதுல ஒரு மூட வெங்காயம் ஏத்த எனக்குக் கை வருமா?"

"அண்ணே, ஒங்க வண்டிக்கு நாலு மார்க்குதான்ணே."

"சாமிகிட்டச் சொல்லுங்க."

என் மகன் கொஞ்ச நேரம் இஞ்சினியர் மாதிரி யோசித்தான். "சித்தப்பா, மறுபடியும் பழம் வச்சு, வண்டிய ரிவர்ஸ்ல எடுத்தா கணக்கு நேராயிருமா?"

பூசாரி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. தாடையைச் சொறிந்து பார்த்தார். "இதுவரைக்கும் யாரும் அப்பிடிக் கேட்டதில்லப்பா" என்றார்.

கடைசியில் மகன் வண்டிக்குள் ஏறினான். அவன் அப்பா அதே சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே சொல்லுங்கப்பா. இதுவா, அந்தச் சினிமா வண்டியா?"

"இங்கிட்டிருந்து அப்பிடியே ஓசூருக்குப் போக முடியாதா?"

"அப்பா, மாத்துத் துணி இல்ல, மாத்திரை இல்ல, வண்டியே நம்மளுது இல்ல."

"அப்ப வீட்டுக்குப் போயித் துணிய எடுத்துக்கிருவோம்" என்றார்.

அவன் போனைப் பைக்குள் போட்டான். அந்தக் கட்டத்தை அதற்குப் பிறகு திறந்ததாகத் தெரியவில்லை.

பேர் மாற்றுகிற வேலையெல்லாம் முடிந்து சாவி கைக்கு வந்த பிறகுதான், இம்புட்டு நீள வண்டியை ஓட்ட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, லைசென்சும் கிடையாது என்பது ஞாபகம் வந்தது. அத்தனை கட்டத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை. ஆகையால் வண்டியை விற்ற பரவைக்காரரே வந்து ஓட்டினார். "வித்தும் விட்டுத் தொலையல தாயி" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

அக்காவிடம் சொல்லக் கூடாது என்று இவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாதியில் திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம். திண்டுக்கல் தாண்டி ஒருதரம் போனார். கரூரில் ஒருதரம் போனார். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழியில் இறங்கும்போது மட்டும் உள்ளே இருந்து, "தம்பி, பைய!" என்று சத்தம் வரும்.

ஓசூரில் அடுத்த தப்பு தெரிந்தது. அக்கா வீட்டுத் தெருவுக்குள் ஆட்டோ நுழைவதே பாடு. பஸ் மெயின் ரோட்டில் டீக்கடைக்கு எதிரே நின்றுவிட்டது. வீடு தெருவின் கடைசியில் இருந்தது.

"எம்புட்டுத் தூரம் இருக்கும்?" என்று கேட்டார்.

"ஒரு பர்லாங்கு" என்றான் மகன்.

அவர் அந்தத் தெருவைப் பார்த்தார். தெரு நெடுக ஆட்கள், வீட்டு வாசலில் எல்லாம் பொம்பளைகள். பார்த்துவிட்டுக் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"நீ போ. நான் அப்பறமா வாரேன்."

மதுரையிலிருந்து வந்தாகிவிட்டது, ஒரு பர்லாங்கு பாக்கி. எனக்கு ஆத்திரமாக வந்தது. திட்டினால் இன்னும் அழுத்தமாக உட்காருவார் என்பதால் திட்டவில்லை. மகனை அவருக்குத் துணைக்கு வைத்துவிட்டு நான் மட்டும் நடந்தேன்.

மதினி, அதான் அவருடைய அக்கா, உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள், குரல் மட்டும் அப்படியே இருந்தது.

"என்னடி இது, சொல்லாமக் கொள்ளாம! அவன் எங்க?"

"ரோட்டுல பஸ்ஸுக்குள்ள ஒக்காந்திருக்காரு மதினி."

"எறங்கி வரச் சொல்லு."

"வரமாட்டாராம்."

"ஏன், இம்புட்டுத் தூரம் வந்தவனுக்கு இங்கன வரக் காலு இல்லையா?"

அவர் வியாதியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவர் உத்தரவு. நான் அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து சொல்லிவிட்டேன். மதினி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். தன் மகன் பக்கத்தில் இல்லை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இவனுக்குமா?"

"என்ன மதினி சொல்றீக?"

"எனக்கு முட்டியில ஒன்னுமில்லடி. இருமுனா நிக்கல, தும்முனா நிக்கல. மருமக பெறந்த வீட்டு விசேசத்துக்குப் போயி, சேரோட சீலைய நனைச்சுட்டு வந்தவ நான். அதுக்குப் பெறகு எங்க போனேன்? இவன்ட்ட எப்பிடிடி சொல்றது, தூக்கி வளத்த பயகிட்ட?"

ரெண்டு பேரும் வாராவாரம் ஒருத்தருக்கொருத்தர் முட்டி வலி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை. சிரித்தால் அவளும் சிரிப்பாள், சிரித்தாலும் நிற்காது என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

"அந்த வண்டிக்குள்ள அது இருக்குன்னா சொன்ன?"

"இருக்கு மதினி. கைப்பிடியோட."

"ஒரு பர்லாங்குதான?"

எழுந்தாள். வீட்டுக் கக்கூஸுக்கு ஒருதரம் போய்விட்டு வந்தாள். நல்ல சீலையாக ஒன்றை எடுத்துக் கட்டினாள். பிறகு தெருவில் இறங்கி நடந்தாள். சத்தம் கேட்டு வந்த அவள் மகன் ஒரு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு, "ஒக்காந்து ஒக்காந்து போம்மா, ஒக்காந்து போம்மா" என்று பின்னாலேயே ஓடி வந்தான். அவள் உட்காரவில்லை. உட்கார நேரம் இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பஸ்ஸில் ஏறினாள். இவர் எழுந்து நின்றார். கட்டிப் பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நான் முந்தானையைக்கூடக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.

"எங்கடா இருக்கு?" என்றாள் அக்கா.

இவர் கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். அவள் உள்ளே போனாள். இவர் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரையும் பக்கத்தில் விடாமல் காவல்காரன் மாதிரி நின்றார். அவருக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது.

வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். "எளச்சுட்டடா" என்றாள். "நீ மட்டும் என்ன" என்றார். பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். என் முந்தானை சும்மாதான் இருந்தது.

ரெண்டு நாள் அந்த பஸ் அங்கேயே நின்றது. மூன்று வேளைச் சோறும் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் வந்தது. ரெண்டு பேரும் இறங்கவே இல்லை. அக்கா மகன் வந்து வந்து கூப்பிட்டுப் பார்த்தான். கிளம்புகிற நாளும் வந்தது. பரவைக்காரர் இஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மதினி சன்னலோரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எறங்கும்மா. அவங்க கெளம்பணும்."

"கெளம்பட்டும். நானா புடிச்சு வச்சிருக்கேன்?"

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க மாமா."

"நான் என்னத்தச் சொல்ல? அவ எனக்கு அக்கா" என்றார் இவர்.

"யாராச்சும் ஒரு முடிவச் சொல்லுங்கப்பா, டீசல் எரியுது" என்றார் பரவைக்காரர்.

அக்கா மகன் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன். கடைசியில் அவன் வீட்டுக்கு ஓடிப்போய், மாத்திரைப் பையையும் நாலு சீலையையும் கொண்டுவந்து சன்னல் வழியாக உள்ளே போட்டான்.

மதினி இப்போது எங்களோடு திருநகரில்தான் இருக்கிறாள். வீட்டில் கக்கூஸ் ஒன்றுதான், இவர்கள் ரெண்டு பேர். விடிந்தால் ஒரு ஆள் வீட்டுக்குள்ளும் ஒரு ஆள் வாசலில் நிற்கிற பஸ்ஸுக்குள்ளும் போக வேண்டும். பஸ்ஸுக்கு யார் போவது என்று தினமும் சண்டை நடக்கிறது. ரெண்டு பேருக்கும் பஸ்தான் வேண்டுமாம்.